அதுவும் சரிதானுங்க

அவர் பெயரைப் போடலாமா என்று நான் கேட்டிருந்தால், "தாராளமாப் போடுங்க அம்மிணி" என்றிருப்பார். அடுத்த நிமிஷம் அவர் மகள் வந்து "எதுக்குப்பா வம்பு" என்றிருந்தால், "அதுவும் சரிதான் கண்ணு, வேண்டாம்" என்றிருப்பார். இந்தச் சிக்கலே வேண்டாமென்று பெயரில்லாமல் எழுதுகிறேன். ஆபீஸில் இருந்த எங்களுக்கு அவர் மேனேஜர் சார். தோட்டத்தில் பழம் பறித்த பெண்களுக்குத் துரை.

ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் மேனேஜர் அறைக்கு வெளியே வராந்தாவில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். கடைசியில் போய் நின்றேன். முன்னால் இருந்தவர் நகர்ந்து, "நீங்க முன்னாடி போங்க கண்ணு" என்றார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படியே சொன்னார். இப்படியே எல்லோரும் சேர்ந்து என்னைக் கதவுவரை கொண்டுபோய் விட்டார்கள். மலை ஜனங்கள் எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் என்று எனக்குக் கண்ணில் நீர் வராத குறை.

உள்ளே மெலிந்த ஒரு மனிதர் கம்பளிக் குல்லாயுடன் உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் தங்க ஒரு வீடு வேண்டும் என்றேன். "கீழ் டிவிஷன்ல கொய்யா மரத்து ஊடு ஒண்ணு காலியா இருக்குதுங்க. எடுத்துக்குங்க அம்மிணி" என்றார். இப்படியும் ஒரு மேனேஜரா என்று வியந்தபடி வெளியே வந்தேன். சாயங்காலம் சாவி வாங்கப் போனால், வீட்டுக்குள் கூரைவரை சாக்குப் பைகள். எனக்குப் பிறகு உள்ளே போன ஸ்டோர்க்காரர் சாக்கு வைக்க இடம் கேட்டாராம். "அதுவும் சரிதானுங்க" என்று அவருக்கும் கொடுத்துவிட்டார்.

நான் அழாத குறையாக நின்றபோது ரைட்டர் வந்தார். எஸ்டேட் கணக்கு, கடிதம், வம்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட மூத்த குமாஸ்தா அவர். "புதுசுங்களா? அதான் முதல்ல உட்டுட்டாங்க. நம்ம சாருக்குக் கடைசியா யார் பேசறாங்களோ அவங்க சொல்றதுதானுங்க சட்டம். நாளைக்கு நாலரை மணிக்குப் போங்க. எல்லாரும் போன பொறவு" என்றார். மறுநாள் நாலரைக்குப் போனேன். சாக்கு வெளியே வந்தது. நானும் அம்மாவும் உள்ளே போனோம்.

மலையில் எங்கள் எஸ்டேட் மாதிரி வசதி வேறெங்கும் கிடையாது. வீடு இலவசம், விறகு இலவசம். மழைக்காலம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு கம்பளி. மற்ற எஸ்டேட்டில் கம்பளி பெரியவர்களுக்கு மட்டும். எங்களிடம் கைக்குழந்தைக்கும் தனிக் கம்பளி உண்டு. அதற்குள் குழந்தையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு எஸ்டேட் ஜீப் போகும். பேறுகால லீவு பெண்ணுக்கு. கூடவே அவள் புருஷனுக்கு. ஒருமுறை அவள் மாமியாருக்கும் கிடைத்தது. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் ஆளுக்கு லீவு. பலாப்பழம் பழுத்தால் அதை அறுக்க அரைநாள். இதெல்லாம் யாரோ திட்டம் போட்டுக் கொடுத்த சலுகைகள் அல்ல. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒருவர் கடைசியாக உள்ளே போய்க் கேட்டது. நான் டைப் அடித்தேன், அவர் கையெழுத்துப் போட்டார், அது அப்படியே நிலைத்துவிட்டது.

வெளியூர்க்காரர்கள் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். "உங்க மேனேஜர் மகராசன்" என்பார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள், நல்லவேளை.

ஒரு நாள் காலையில் கிழக்குச் சரிவில் கவாத்து வெட்டச் சொல்லிப் பெண்களை மேலே அனுப்பினார் மேஸ்திரி. எட்டு மணிக்கு ரைட்டர் உள்ளே போய், இன்னும் மழை விடவில்லை, இப்போது செடியை வெட்டினால் துளிர் அழுகும் என்றார். ஆட்களைக் கீழே வரச்சொல்லி ஆள் ஓடியது. ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்து, இப்போது விட்டால் வெட்ட ஆள் கிடைக்காது என்றார். மறுபடி மேலே. பத்தரைக்கு ரைட்டர். மறுபடி கீழே. நண்பகலில் போய்ப் பார்த்தால் அத்தனை பெண்களும் சரிவின் நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் ஒருத்தி சொன்னாள்: "இங்கயே இருந்துக்கறோமுங்க. மேல போறதுக்கும் கிட்ட, கீழ வாரதுக்கும் கிட்ட."

எஸ்டேட் கேட்டுக்கு வண்ணம் அடித்த கதையும் இப்படித்தான். இடது கதவு பச்சை, வலது கதவு சிவப்பு, நடுத்தூண் மஞ்சள். பெயிண்டர் பாதி வேலையில் வண்ணம் கேட்கப் போகும்போதெல்லாம் அவருக்கு முன்னால் வேறு யாராவது போய் வேறு வண்ணம் சொல்லியிருந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் இதனால் ஒரு நன்மை உண்டு. மாலை நாலரை மணி வரை நான் எந்த உத்தரவையும் டைப் அடிப்பதில்லை. குறித்து மட்டும் வைத்துக்கொள்வேன். நாலரைக்குக் கடைசிக் குறிப்பை மட்டும் அடிப்பேன். பகல் முழுக்க ஸ்வெட்டர் பின்னினேன். நாலு வருஷத்தில் எங்கள் வம்சத்துக்கே ஸ்வெட்டர் ஆயிற்று.

அவரோடு நடந்து போவதும் ஒரு கூத்து. மழை வரும் என்று ஒருவர் சொன்னால் குடை எடுப்பார். பத்தடியில் இன்னொருவர் "வராதுங்க" என்றால் குடையைத் திருப்பி அனுப்புவார். நனைந்துகொண்டே, "ரெண்டு பேரு சொன்னதும் சரிதானுங்க. வந்துச்சு, ஆனா கொஞ்ச நேரம் வரல" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒரு மனிதன் இப்படியா இருப்பான்? ஆனால் என் அம்மாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம். எங்கள் கொய்யா காய்த்த முதல் வருஷம் ஒரு கூடை கொடுத்தனுப்பினாள். அவர் அந்தக் கூடையை மேஜைமேல் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் "டைப்பிஸ்ட் அம்மிணி ஊட்டுக் கொய்யாங்க" என்று கொடுத்து, கடைசியில் தனக்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் வெறுங்கூடையை முகர்ந்துகொண்டிருந்தார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

எஸ்டேட்டுக்கு முதலாளிகள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். இருவரும் சென்னையில் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்துகொண்டு எங்கள் வழியாகச் சண்டை போடுவார்கள். அண்ணன் கீழ் டிவிஷனை ஒரு லாட்ஜ்காரருக்கு விற்க வேண்டும் என்றார். தம்பி கூடாது என்றார். கடைசியில் மேனேஜர் எழுதுகிறபடி செய்வது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கீழ் டிவிஷன் நிலம் காப்பிக்கு லாயக்கில்லை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விற்பனை. லாயக்கு என்று எழுதினால் இல்லை. எங்கள் சாரிடம் போய் முடிவு கேட்டிருக்கிறார்கள் என்றால் அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ் டிவிஷனில்தான் முப்பது தொழிலாளர் குடும்பங்களின் லைன் வீடுகள் இருந்தன. எங்கள் கொய்யா மரத்து வீடும் அங்கேதான். அந்த வீடு போனால் எனக்கும் அம்மாவுக்கும் அடிவாரத்தில் சித்தப்பா வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் ஒரு மூலைதான் கதி. சித்தி அதை இப்போதே பூட்டி வைத்திருந்தாள்.

கடிதம் வெள்ளிக்கிழமை ஐந்து மணித் தபாலில் போக வேண்டும். செம்மநத்தத்திலிருந்து ஏற்காடு வழியாகச் சேலம் போகும் பஸ் எங்கள் கேட்டில் நிற்கும். கண்டக்டரிடம் தோல் தபால் பையைப் பூட்டிக் கொடுப்போம். பைக்கு இரண்டு சாவி. ஒன்று எங்களிடம், ஒன்று ஏற்காடு போஸ்ட் ஆபீஸில். பூட்டிய பையை இடையில் திறக்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் எஸ்டேட்டில் ஒருவரும் மீறாத ஒரே சட்டம் அதுதான்.

அன்று காலையிலேயே சென்னையிலிருந்து பெரிய முதலாளியின் டிரங்க் கால் வந்தது. சார் எழுந்து நின்று கேட்டார். "ஆமாங்க, அதுவும் சரிதானுங்க" என்று ஏழுமுறை சொன்னார். எங்களுக்குப் பயமில்லை. காலையில் பேசியவர் எப்படிக் கடைசியாவார்? மாலையில் நாங்கள் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

இரண்டரை மணிக்குச் சேலத்திலிருந்து லாட்ஜ்காரரின் புரோக்கர் வந்து இறங்கினார். சந்தன நிறச் சட்டை, கையில் தோல் பை. வராந்தாவில் ரைட்டர், மேஸ்திரி, லைன் பெண்கள் சார்பில் அன்று பாறையில் உட்கார்ந்திருந்த அந்த வெற்றிலைக்கார அம்மாள், நான். ரைட்டர் மிக மரியாதையாக, "தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. முதல்ல போங்க" என்றார்.

புரோக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பரவாயில்லீங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க."

ரைட்டர் முகம் கறுத்தது. இந்த ஆளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் நடந்தது வெறும் உபசாரம். நீங்க போங்க, இல்லீங்க நீங்க போங்க. மூன்று மணிக்கு உள்ளிருந்து சார், "அடுத்தது யாருங்க?" என்றார். ஒருவரும் அசையவில்லை. மூன்றரைக்கு மறுபடி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். டீ கொண்டு போக வேண்டிய ஆள்கூட, டீ என்று சொன்னாலும் அது பேச்சுத்தானே என்று பயந்து, கதவடியில் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டார்.

நாலு மணிக்கு ரைட்டர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"அம்மிணி, நொம்பத் தப்புப் பண்ணிட்டமுங்க. காலைல இருந்து யாருமே உள்ள போவல. அப்படின்னா சார்கிட்டக் கடைசியாப் பேசுனது யாருங்க?"

கடைசியாகப் பேசியவர் பெரிய முதலாளி! நாங்கள் காத்துக் காத்து அவரையே கடைசி ஆளாக்கிவிட்டோம். இப்போது நாங்கள் உள்ளே போனால் எங்களுக்குப் பின்னால் புரோக்கர் போவார். போகாவிட்டாலும் அவருக்கே லாபம். புரோக்கரும் இதைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

என் மேஜை சாரின் அறையை ஒட்டியிருந்தது. நடுவில் பலகைத் தடுப்பு. மேலே ஒரு கண்ணாடி. ஸ்டூல்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

சார் தன் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து, பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். குல்லாயைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து, "ஏனுங்க துரை, பெரிய முதலாளி கறாராச் சொல்லிப்போட்டாருங்க. பேசாம எழுதிக் கொடுத்துருங்க" என்றார். எழுந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். குல்லாயை மாட்டிக்கொண்டார். "ஆமாங்க. அதுவும் சரிதானுங்க."

நான் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தேன்.

மறுபடி சுற்றி வந்தார். குல்லாய் கையில். "முப்பது ஊடுங்க. அந்தப் பொம்பளைங்கெல்லாம் எங்கீங்க போவாங்க?" மறுபடி தன் இடம், குல்லாய் தலையில். "அதுவும் சரிதானுங்க." இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் நின்று கீழே இருந்தவர்களுக்குக் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். "இப்ப விக்கலாங்கிறாரு... இப்ப வேண்டாங்கிறாரு... சண்டை போடறாரு... ரெண்டு பேரும் டீ குடிக்கறாங்க." வெற்றிலைக்கார அம்மாள் கண்ணை மூடி மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாலே முக்காலுக்குக் குல்லாய் கையில் இருந்தது. "சோறு போடற மொதலாளிங்க. எதுத்துக்க முடியுமுங்களா?" என்றார். தன் நாற்காலிக்குப் போனார். "அதுவும் சரிதானுங்க" என்று பேனாவைத் திறந்தார். கொய்யா மரம் போயிற்று என்று நினைத்தேன்.

பேனாவை வைத்துவிட்டார். இன்னொருமுறை சுற்றி வந்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, கெஞ்சுகிற குரலில், "ஏனுங்க, அந்தக் கொய்யாவுல எனக்கு இன்னும் ஒண்ணுகூடக் கெடைக்கலீங்களே" என்றார்.

போய் உட்கார்ந்தார். குல்லாயை மாட்டிக்கொண்டார். எழுதினார்.

அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெளியே வந்து தாளை என்னிடம் நீட்டினார். கீழ் டிவிஷன் காப்பிக்கு நல்ல நிலம், விற்பதில் தமக்குச் சம்மதமில்லை என்று இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக டைப் அடித்ததில்லை. அவர் கையெழுத்துப் போட, ரைட்டர் உறையில் போட்டு, பையில் போட்டு, பூட்டினார். கிளிக்.

அதுவரை சாய்ந்திருந்த புரோக்கர் துள்ளி எழுந்தார். "சார், நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளுங்க—"

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் வெற்றிலைக்கார அம்மாளைப் பார்த்தேன். அடுத்த கணம் எல்லோரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தோம். என்ன பேசினோம் என்று தெரியாது. நான் ஸ்வெட்டர் பின்னும் முறையைச் சொன்னதாக ஞாபகம். வெளியே பையைக் கேட்டுக்குக் கொண்டுபோகக் காத்திருந்த ஜீப் டிரைவர் பாய் (ஏற்காடு பஜாரில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை) ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "பஸ் போயிருமுங்க! இதுதான் கடைசி பஸ்சுங்க!"

அத்தனை இரைச்சலையும் மீறிப் புரோக்கர் தன் வாதத்தைக் கத்தி முடித்தார். எல்லோரும் அடங்கி சாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் குல்லாயைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க சொல்றதும் சரிதானுங்க" என்றார். "ஆனா பை பூட்டியாச்சுங்களே."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே மறுப்பு அதுதான். அன்று அவரைத் தூக்கிக்கொண்டு ஆடலாம் போலிருந்தது. அம்மா மறுநாள் ஒரு கொய்யாவைத் தனியாகத் தாளில் சுற்றி, "யாருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லியே அனுப்பினாள். பாதிதான் சாப்பிட்டார். மீதிப் பாதியை ரைட்டர் கேட்டாராம்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்து அவருக்கு ஓய்வு வயது வந்தது. பெரிய முதலாளி அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். சின்ன முதலாளியோ, விருப்பமிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம் என்று எழுதினார். மகள் கோயம்புத்தூருக்கு வரச் சொன்னாள். இருப்பதா போவதா என்பது அவர் விருப்பம் என்றால் கேட்கவா வேண்டும்? பெட்டியைக் கட்டினார், பிரித்தார், கட்டினார்.

அந்த நாட்களில் ஒருமுறை கேட்டேவிட்டேன். "ஏன் சார் எப்பவும் கடைசியா வர்றவங்க பேச்சையே கேக்கறீங்க?"

"யாருக்கு நொம்ப அவசியமோ அவங்கதானுங்களே அம்மிணி கடைசி வரைக்கும் காத்திருப்பாங்க" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. இத்தனை நாள் இந்த மனிதரைப் புரிந்துகொள்ளாமல் போனோமே என்று ரைட்டரிடம் சொல்லி உருகினேன். ரைட்டர் கண்ணாடியைத் துடைத்தபடி, "அதுங்களா? போன வாரம் நான்தானுங்க அவருக்குச் சொன்னேன்" என்றார்.

அவர் கிளம்புவதாக இருந்த அன்று எஸ்டேட்டே கேட்டடியில் நின்றது. பச்சைக் கதவு, சிவப்புக் கதவு, மஞ்சள் தூண். பெட்டி ஒன்று, குடை ஒன்று, எங்கள் கொய்யா ஒரு கூடை. முந்தின நாள் சாயங்காலம்கூட, "போகோணுமான்னு இருக்குதுங்க அம்மிணி" என்றார். ஒரு வார்த்தை போதும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வார்த்தையைக் கடைசியாகச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

ஆகவே காத்திருந்தோம். ரைட்டர் தோட்டத்து மழையைப் பற்றிப் பேசினார். மேஸ்திரி கோயம்புத்தூர் வெயிலைப் பற்றிப் பேசினார். வெற்றிலைக்கார அம்மாள் அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை. நான் அவளுக்கும் பின்னால் பேசலாம் என்று நின்றேன். சார் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். குல்லாயைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்திருந்தார்.

ஐந்து மணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தபால் பையை வாங்கினார். பெட்டியையும் தூக்கி உள்ளே வைத்தார்.

"ஏறுங்க சார், டைமாச்சுங்க" என்றார்.

"அதுவும் சரிதானுங்க" என்று சொல்லி ஏறிவிட்டார்.

விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை பேரில் ஒருவர்கூட இருங்கள் என்று சொல்லவில்லை. நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். "போகாதீங்க சார்! இருங்க சார்!" என்று கத்தினேன். பஸ் வளைவு திரும்பி, மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

மூச்சிரைக்க ரைட்டர் வந்து சேர்ந்தார். என் செருப்பைக் கையில் கொண்டுவந்திருந்தார்.

"கடைசியாப் பேசுனது நீங்கதானுங்க அம்மிணி" என்றார். "அவருக்குத்தான் கேக்கல."